என் பெயரில் ஒரு சிவப்பு

அந்த யந்திரத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வீட்டுக்கு ஒருநாளும் கரண்ட் வரக் கூடாது என்று வாய்விட்டே சாபம் கொடுத்திருக்கிறேன். ஆளைப் படுக்கவைத்து, தலையை ஒரு குழாய்க்குள் தள்ளி, மூளையில் எந்த இடம் எந்த இடத்தோடு பேசிக்கொள்கிறது என்று படம் எடுப்பார்கள். அதை வைத்து, இவன் இன்னும் சில மாதங்களில் தற்கொலைக்குப் போகக்கூடியவனா இல்லையா என்று அது சொல்லிவிடுமாம். பச்சை வந்தால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் வந்தால் மறுபடியும் வந்து படுக்க வேண்டும். சிவப்பு வந்தால் முடிந்தது கதை.

நாட்டில் சாக நினைக்கிறவன் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பரீட்சையில் தோற்றவன் இருக்கிறான், காதலில் தோற்றவன் இருக்கிறான். சட்டம் வந்தது என்னவோ எங்களுக்கு மட்டும்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவன், துப்பாக்கி லைசென்ஸ் வைத்துக் காவல் வேலை பார்த்தால், அவன் மூளையை அரசாங்கத்துக்குத் திறந்து காட்ட வேண்டும். கட்சிக்காரன் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு மூளை தேவையில்லை போலிருக்கிறது.

நான் ஹவில்தார் சோலைராசு. இப்போது வெறும் சோலைராசு. திருமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். வருகிறவர்கள் என்னிடம் பேனா கேட்பார்கள், செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் முறைப்பேன். எனக்கு அந்த வேலை பிடிக்காது, மேனேஜரைப் பிடிக்காது, வங்கிக்கு வரும் ஜனங்களைப் பிடிக்காது. ஆனால் அந்த வேலை ஒன்றுதான் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது. அது போனால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

சிவப்பு வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பேரையூர்ப் பக்கம் ஒரு சுபேதாருக்கு வந்தது. தகவல் ரகசியம் என்றுதான் சொன்னார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, எது செய்வதானாலும் என் வீட்டில் வேண்டாம் சார் என்றாராம். மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றது. அந்த மனுஷன் அதுவரை சாவதைப் பற்றி நினைத்தாரோ இல்லையோ, அதற்குப் பிறகு கட்டாயம் நினைத்திருப்பார்.

எனக்குச் சிவப்புதான் வரும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ராத்திரித் தூக்கம் கிடையாது. பட்டாளத்துக் கேன்டீனில் வாங்கும் சரக்கு பாதி மாதம் தாண்டுவதில்லை. மனைவி வாசுகி என் வாய்க்குப் பயந்து ராஜபாளையத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பால்காரன் முதல் கோயில் பூசாரி வரை நான் சண்டை போடாத ஆள் பாக்கியில்லை. என் மூளையைப் படம் எடுத்தால் யந்திரமே புகைந்துவிடும் என்று நினைத்தேன்.

இதைக் காசிமாயனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது. அவனும் நானும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் ஓடியவர்கள், ஒரே பிளாட்டூன், பனிமலையில் ஒரே கூடாரம். இப்போது அவன் கல்லுப்பட்டியில் 'காசி சவுண்ட் சர்வீஸ்' வைத்திருந்தான். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் அவன் மைக்கைப் பிடித்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சாவு வீட்டில்கூட எவனையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவான். அவனிடம் துப்பாக்கி கிடையாது. அதனால் அவன் மூளையை எவனும் கேட்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"உனக்குப் பதிலா நான் போய்ப் படுத்துக்கிறேன் மாப்ள. நாம போடாத ஆஜரா?"

பட்டாளத்தில் இது எங்களுக்குப் பழக்கம்தான். லீவு முடிந்து நான் ஒருநாள் பிந்தி வந்தால், வரிசையில் என் பெயரைக் கூப்பிடும்போது பின்னாலிருந்து அவன் என் குரலில் பதில் சொல்லிவிடுவான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் பெயரில் நான் சென்ட்ரி காவல் நிற்பேன். ஒருத்தன் இல்லாத இடத்தில் இன்னொருத்தன் நின்றுவிட்டால் கணக்குச் சரி. மேலே இருப்பவனுக்கு வேண்டியது எண்ணிக்கை, ஆள் இல்லை. இந்தப் புத்தி எங்களுக்குள் ஊறிப்போன ஒன்று. மூளை விஷயத்தில் அது எடுபடாது என்று இரண்டு மடையனுக்கும் தோன்றவில்லை.

ஆளை மாற்றுவதும் சுலபமாகத்தான் இருந்தது. பனிமலையில் என் வலதுகை விரல்கள் ஒருமுறை உறைந்துபோயின. விரல் பிழைத்தது, ரேகை பிழைக்கவில்லை. ரேஷன் கடை யந்திரம்கூட என் கட்டைவிரலை விரலாக மதிப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. கூடப் பணியாற்றிய ஒருவர் நேரில் வந்து, இவர்தான் அவர் என்று சாட்சி சொன்னால் போதும். ஆக, நான் காசிமாயன் என்ற என் சாட்சியாகப் போனேன், காசிமாயன் நானாகப் போனான். அவர்கள் கையில் இருந்தது பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த படம். அந்தப் படத்தில் எல்லோருக்கும் ஒரே மூஞ்சிதான். ஒட்ட வெட்டிய தலை, முறைத்த கண், அரும்பு மீசை.

பரிசோதனை வேன் தாலுகா ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே இருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதையும் யோசிக்காமல் கண்ணை மூடிச் சும்மா படுத்திருங்கள் என்று சொன்னாள். காசி அவளிடமும் ஒரு ஜோக் அடித்து, அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் குழாய்க்குள் போனான். நான் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. உள்ளே என்னடா பண்ணினாய் என்று கேட்டேன். நல்ல தூக்கம் மாப்ள, ஏசி காற்றில் கண் எரியுது என்றான். புரோட்டாக் கடைக்குப் போனோம். அவன் வாங்கிய புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துக் குவித்து வைத்தானே ஒழிய வாயில் வைக்கவில்லை. நான் என் பங்கைத் தின்றுவிட்டு, அவன் பங்கையும் இழுத்துத் தின்றேன். எனக்கு அப்போது பசி.

அடுத்த வாரம் என்னைத் தேடி வங்கிக்கே இரண்டு பேர் வந்தார்கள். துப்பாக்கியை வாங்கிக்கொள்ள வந்திருந்தவனுக்கு என் பூட்ஸின் வயதுகூட இருக்காது. சிவப்பு என்றான். அதை மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் டோக்கன் பிடித்து நின்ற ஜனம் அத்தனையும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்து நின்றாரே தவிர வெளியே வரவில்லை. என்னிடம் தினமும் பேனா வாங்கும் ஒரு அம்மா என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அந்த உச்சுக்கு நான் அவளை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். சிவப்பு வந்தவனுக்குத் துணையாள் ஒருவன் வேண்டுமாம். அவன் தினமும் என்னோடு இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை மதுரையில் டாக்டரிடம் ஆலோசனைக்கு நான் போகும்போது அவனும் கூட வந்து உட்கார வேண்டும், அவனையும் கேள்வி கேட்பார்களாம். துணையாள் யார் என்று கேட்டான். எவனும் இல்லை, போடா என்றேன். அப்படியானால் காப்பகத்தில் வைக்க வேண்டியிருக்கும், இரண்டு நாளில் பெயர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் நேரே கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். காசி வாசலில் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் அன்றைக்குப் பேசியதை எழுத்தில் வைக்க முடியாது. உன்னை நம்பினேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும், என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டாய், நானே போய்ப் படுத்திருந்தால்கூட இதுதானே வந்திருக்கும், உன்னால் எனக்கு என்ன லாபம் என்று தெரு கூடும் வரை கத்தினேன். அவன் சிரித்தான். மெஷின் கோளாறாக இருக்கும் மாப்ள, நம்ம ஆம்பிளிஃபயர் மாதிரி அதுக்கும் எர்த் சரியில்லையோ என்னவோ என்றான். எனக்கு இன்னும் வெறி ஏறியது.

அவன் மனைவி பாண்டீஸ்வரி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நான் வாங்கவில்லை.

"அண்ணே, அவர வையாதீங்க. சிரிக்கத்தான் செய்றாரு, ஆனா வீட்ல ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. ஆசையா வெச்சிருந்த அந்தப் பெரிய ஆம்பிளிஃபயர போன வாரம் கோயிலுக்குக் குடுத்துட்டாரு. ஏன்னு கேட்டா பேச்ச மாத்துறாரு."

கோபம் கண்ணை மட்டுமா மறைக்கும், காதையும் அடைக்கும். குடுத்தா குடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயிலில் மூஞ்சி காய, அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். உனக்குத்தான்டா சிவப்பு, உனக்குத்தான் வரணும் என்று மனதுக்குள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

அவனுக்குத்தான் வந்திருக்கிறது. குழாய்க்குள் படுத்தது அவன் மூளை. என் பெயர் வெறும் பெயர்.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போனேன். பரிசோதனை நிலையத்தில் ஆக்னஸ் என்ற டாக்டர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நரையை மறைக்காத தலை, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாத முகம். நானும் சுற்றி வளைக்கவில்லை. வேனில் படுத்தது நான் இல்லை, என் சிநேகிதன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க ரெண்டு பேரையும் நிக்கவெச்சு அறையணும்போல இருக்கு" என்றார்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்துப்போன முதல் ஆள் அவர்தான்.

அந்தச் சிவப்பு நிஜமா, யந்திரக் கோளாறா என்று கேட்டேன். யந்திரம் தப்புச் செய்யும், ஆனால் இந்தப் படத்தில் தப்புச் செய்ய இடமில்லை என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு அது பூசணிக்காயை வெட்டி வைத்தது மாதிரித்தான் தெரிந்தது. நடுவில் இரண்டு இடங்கள், இடையே தடித்த கோடுகள்.

"நாம சும்மா படுத்திருக்கும்போதும் மூளை சும்மா இருக்காது சார். தன்னைப் பத்தியே யோசிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. நான் யாரு, எதுக்கு இருக்கேன், அப்படிங்கிற இடம். நம்மை அடக்கிக் கடிவாளம் போடுற இடம் வேற. சாதாரணமா ஒண்ணு பேசுனா இன்னொண்ணு விலகி நிக்கும். இவருக்கு ரெண்டும் விடாம பேசிக்கிட்டே இருக்கு. தன்னைத் தானே குத்தம் சொல்லி, தன்னைத் தானே அடக்கி, வெளிய ஒரு சொட்டுத் தெரியாம. ஓய்வே இல்ல."

"டூட்டி மாத்திவிட ஆளே வராத சென்ட்ரி மாதிரி" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆமாம் என்றார்.

பிறகு, வந்ததே வந்தீர்கள், நீங்களும் படுங்கள் என்றார். மறுத்துப் பார்த்தேன். அதட்டலுக்கு நான் பட்டாளத்திலிருந்தே அடங்கிப் பழகியவன். குழாய்க்குள் படுத்துக்கொண்டு மேனேஜரை, உச்சுக்கொட்டிய அம்மாவை, வாசுகியின் அண்ணனை, காசியை, வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது டாக்டர் திரையைப் பார்த்து முதல்தடவையாகச் சிரிப்பை அடக்கினார்.

எனக்குப் பச்சை.

நம்பவே முடியவில்லை. என் தூக்கம், என் குடி, என் சண்டை என்று பட்டியல் போட்டேன். அதெல்லாம் கெட்ட பழக்கம், குடியை விடவில்லை என்றால் ஈரல் போய்விடும், அது வேறு கதை என்றார். உங்கள் கோபம் உள்ளே தங்குவதே இல்லை, வருகிறவன் போகிறவன் தலையில் எல்லாம் கொட்டிவிடுகிறீர்கள் என்றார். ஊரே என்னைப் பார்த்து ஒதுங்கியது. ஊரே காசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. சாகப்போகிறவனை எங்களில் எவனுக்கும் அடையாளம் தெரியவில்லை, கூட இருந்த எனக்கும் தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். என் பச்சையை இன்றைக்கே என் பெயரில் ஏற்றலாம். துப்பாக்கி கைக்கு வரும், வேலையும் வரும். ஆனால் முதலில் வந்த சிவப்பு யாருடையது என்று அவர் சொல்லியாக வேண்டும். அது ஆள்மாறாட்டம். நானே வந்து ஒப்புக்கொண்டதால் என்னைக் கண்டித்து விட்டுவிடுவார்கள். காசி வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும்.

"நின்னா?" என்றேன்.

"இந்தப் படத்தோட இருக்கிற ஒருத்தரத் தெருவுல வெச்சு அவமானப்படுத்துனா என்ன ஆகும்னு என் வாயால சொல்லணுமா?"

அவன் பெயரில் தனியாக வைத்தியம் பார்க்க முடியாதா என்று கேட்டேன். பார்க்கலாம், தாராளமாக, அவரே வந்தால் என்றார். நான் காசியை யோசித்துப் பார்த்தேன். அவன் வரமாட்டான். அவன் மகனுக்கு அடுத்த மாதம் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பு. அப்பன் தானாகப் போய்த் தலையைக் காட்டினான் என்று தெரிந்தால் பையனையும் தோண்டுவார்கள் என்ற பயம் அவனுக்கு இருக்கும். ஒரு ஜோக் சொல்லுவான், டாக்டரையே சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான்.

துணையாள் என்று ஒருவன் இருந்தால், அவன் வாராவாரம் இங்கே வந்து உட்கார வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவனையும் கேள்வி கேட்பீர்களா என்றேன். கேட்பேன், சில நேரம் துணையாளிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும் என்றார். சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். சிவப்பு என் பெயரிலேயே இருந்தால் காசியைத் துணையாளாக இங்கே உட்கார வைத்துவிடலாம் என்று நான் போடும் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது, அது என் மேலா, சட்டத்தின் மேலா, தன் மேலா என்று எனக்குத் தெரியாது. கடைசியில் என் பச்சைப் படத்தைத் திரையிலிருந்து அழித்தார்.

"இன்னைக்கு என்கிட்ட யாரும் வரல. இது தப்புன்னு எனக்குத் தெரியும், வெளிய வந்தா என் வேலையும் போகும். அதனால ஒண்ணு செய்யுங்க. அவர்கிட்ட சுத்தி வளைக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா புதுசா எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க, வராது. கேக்க ஆள் இல்லாமத்தான் போறாங்க. எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்க. அவரத் தனியா விடாதீங்க."

உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்காது, ஊர் உங்களைச் சிவப்பு என்றுதான் சொல்லும், சம்மதமா என்று வாசலில் வைத்து மறுபடியும் கேட்டார். எனக்கு ஏற்கனவே ஊரில் என்ன நல்ல பெயர் வாழ்கிறது என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். படி இறங்கும்போது, தோளில் துப்பாக்கி வார் இல்லாத இடத்தைக் கை தானாகத் தடவியது.

கல்லுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் கொளுத்தியது. பாண்டீஸ்வரி கதவைத் திறந்தாள். நேற்று கத்தியதற்கு அவள் என்னை வீட்டுக்குள் விட்டதே பெரிய விஷயம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அலறவில்லை. எனக்கு ஆறு மாசமா வயித்துல நெருப்பு அண்ணே, என்னன்னு சொல்லத்தான் தெரியல என்று மட்டும் சொல்லி, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

காசி பின்கட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"வாங்க சிவப்பு! ஊரே உன்னப் பத்தித்தான் பேசுது. ராஜபாளையத்துல இருந்து வாசுகிகூடப் போன் போட்டு அழுதுச்சு மாப்ள. சிவப்பு வந்தாத்தான் பொண்டாட்டி தேடுவா போலிருக்கு."

நீதான் என் துணையாள், பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். தினமும் என்னோடு இருக்க வேண்டும், நாளைக்கு மதுரைக்கு என்னோடு வர வேண்டும் என்றேன். அவன் சிரிப்பு அரைக்கணம் விட்டுப் பிடித்தது. சரி மாப்ள, உன்னக் காப்பாத்த நான் இல்லாம யாரு என்றான்.

டாக்டர் சொல்லிக்கொடுத்த கேள்வி என் வாயில் வரவேயில்லை. பனிமலையில் ஒன்றாகப் படுத்து, ஒன்றாகப் பட்டினி கிடந்து, சுமந்து வந்த உடல்களை ஒன்றாக இறக்கி வைத்தவர்கள் நாங்கள். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட, நீ நன்றாக இருக்கிறாயா என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த கேள்வி வேறு.

பனிமலையில் ஒரு கட்டாயம் உண்டு. தினமும் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி, உன் காலை உன் ஜோடிச் சிப்பாய் பார்க்க வேண்டும். உன் காலை நீ பார்த்தால் போதாது. உறைந்த கால் வலிக்காது, சுகமாகவே இருக்கும், அதனால் அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவான். ஜோடி விரல் விரலாக அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். என் விரல்கள் உறைந்த அன்று நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். காசி நம்பவில்லை. என் கையுறையைப் பிடுங்கிப் பார்த்தான். ராத்திரி முழுக்க என் கையைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

நான் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அவன் செருப்பைக் கழற்றி எறிந்தேன்.

"காலைக் காட்டுடா."

"என்னடா கிறுக்கா?"

"காலைக் காட்டு."

அவன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் வலதுகாலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலை அழுத்தினேன்.

"தெரியுதா?"

"தெரியுது மாப்ள."

அடுத்த விரலை அழுத்தினேன். தெரியுது என்றான். அதற்கடுத்த விரல். அவன் குரலில் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. கடைசி விரலைப் பிடித்தபோது நான் அழுத்தவில்லை. நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன்.

"செத்துரலாம்னு நெனைக்கிறியாடா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் சுற்றிலும் இருந்த பெட்டிகளைப் பார்த்தான். மைக்கைத் தேடுகிறானோ என்று எனக்குத் தோன்றியது. கல்யாண வீடுகளில் ஊரைச் சிரிக்க வைத்த அந்த வாய் கோணிக்கொண்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல மாப்ள" என்றான். "ரொம்ப நாளா எதுவுமே தெரியல. பையன் பாஸானான், அது தெரியல. எங்கம்மா செத்துச்சு, அதுவும் தெரியல. எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டுப் போயிறலாம்னுதான்..."

அவன் காலை நான் விடவில்லை.

"எம்பேர்ல போய்ப் படுக்க பயமா இருந்துச்சுடா" என்றான். "நீ சொன்னதும் உடனே நான் படுத்துக்கிறேன்னேன்ல, உனக்காக இல்ல. உம்பேர்லயாவது எவனாவது உள்ள பாப்பானான்னுதான். படுத்துக்கிட்டு, பாரு பாருன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன். பாத்துட்டான். நீ வந்து என்னத் திட்டிட்டுப் போயிட்ட."

திட்டுவதைத் தவிர வேறெதையும் கற்றுக்கொள்ளாதவன் நான். அவன் இரண்டு கால்களையும் இழுத்து, பனிமலையில் செய்வதுபோல் என் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சித்திரை மாசத்து வெயிலில், இரண்டு கிழட்டுச் சிப்பாய்கள் அப்படி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருந்தால் எங்கள் இருவருக்குமே சிவப்பு கொடுத்திருப்பார்கள். பாண்டீஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள். பிறகு அவளும் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் அழ ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று. ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பயந்துபோய் என் கையை உதறப் பார்த்தான், என்னமோ பண்ணுது மாப்ள, தாங்க முடியல என்றான். எனக்கு அது என்னவென்று தெரியும். என் விரல்களில் உயிர் திரும்பியபோது, சாவு இதைவிடத் தேவலை என்று நான் கத்திய கத்தல் அந்த மலைக்கே கேட்டது.

"சூடு ஏறும்போது அப்படித்தான்டா வலிக்கும்" என்றேன். "கத்தணும்னா கத்து, நான் எங்கயும் போகல. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு ரெடியா இரு. டாக்டரம்மா ஒரு மாதிரி. அவகிட்ட உன் ஜோக் எடுபடாது."